எதற்காகக் கிளிஞ்சலைத் தீட்டினாய், ராமாத்தா?

என் ராமாத்தா, கண்ணு,

எங்கே இருந்தாலும் நல்லா இரு. முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். நம் சாவித்திரிக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது. உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புக்காரர்கள். பையன் தேங்காய் மண்டியைப் பார்த்துக்கொள்கிறான், பேச்சு மரியாதையாக இருக்கிறது. வைகாசியில் கல்யாணம். நீ இருந்திருந்தால் பையனின் மூக்கைப் பற்றி ஏதாவது சொல்லிச் சிரித்திருப்பாய். எனக்கு அதெல்லாம் சொல்ல வராது.

ஆனால் உன் மகள் முட்டுக்கட்டை போட்டுவிட்டாள். "அம்மா யாருக்கு நேந்துக்கிட்டாங்க, எதுக்கு நேந்துக்கிட்டாங்க, அது முடிஞ்சுதா இல்லையான்னு தெரியாம நான் கழுத்தை நீட்ட மாட்டனுங்கப்பா" என்கிறாள். செத்துப்போனவர்கள் பாதியில் விட்ட வேண்டுதல் பெற்ற பிள்ளையின் தலையில்தான் விடியும் என்று யாரோ அவள் காதில் போட்டிருக்கிறார்கள். போகிற வீட்டில் அரிவாள்மனையைத் தொட்டால் சாமி குத்தமாகுமா, தொடாமல் இருந்தால் மாமியார்க்காரி சும்மா இருப்பாளா? இதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நீ. நீ போய் வருஷம் திரும்பப்போகிறது.

நம் மில் லைன் வீட்டுப் படிப்பகத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள். என்னையும் ஏதாவது எழுதச் சொன்னார்கள். வேறு யாருக்கு என்ன எழுதுவது, உனக்கே எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும். விஷயம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் வந்து சொல்லட்டும்.

அவர்களுக்குக் கதை புரிய வேண்டுமே, அதனால் உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். என் வீட்டு அடுப்படியில் இரும்புக் கத்தி கிடையாது. அமராவதிக்கு அணை கட்டிக்கொண்டிருந்த காலத்திலிருந்து கிடையாது. காய் நறுக்குவது, சுரைக்காய்த் தோல் சீவுவது, கீரை அரிவது, குளத்து மீனுக்குச் செதில் எடுப்பது எல்லாமே கடல் கிளிஞ்சலில்தான். நானோ பஞ்சாலையில் டூல் ரூம் ஆள். இரும்பை வெட்டுகிற உளியையே தீட்டிக் கொடுப்பவன். கொல்லத் தெருவில் ஊசி விற்கிறவர்களைப் பற்றி ஊரெல்லாம் பேசும். கொல்லன் பெண்டாட்டி கிளிஞ்சலில் வெண்டைக்காய் நறுக்கிய கதை என் வீட்டில் மட்டும்தான் நடந்தது.

இருகூர் போகிற வழியில் இருக்கிற சுண்ணாம்புக் காளவாய்க்கு மூட்டை மூட்டையாகக் கிளிஞ்சல் வரும். அதைத் தீயில் போடுவதற்கு முன் நீ போய்க் குவியலில் உட்கார்ந்துகொள்வாய். கடலை நீ பார்த்ததே இல்லை. ஆனாலும் கனத்தது எது, இற்றுப்போனது எது என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவாய். கணீரென்றால் மடியில் போகும், சொத்தென்றால் குவியலுக்குத் திரும்பும். காளவாய்க்காரர், "ஏனுங்கம்மணி, ஊடு கட்டறதுக்குச் சுண்ணாம்பா வாங்கிக்கிறதுதானே?" என்பார். நீ அடுத்த கிளிஞ்சலைத் தட்டிப் பார்ப்பாய்.

பருத்த கிளிஞ்சலின் விளிம்பை ஆற்றுக் கூழாங்கல்லால் சின்னச் சின்னதாகத் தட்டிச் சில்லு எடுப்பாய். ஓங்கித் தட்டினால் இரண்டாகப் போய்விடும். பிறகு துணி துவைக்கிற கல்லில் ஈர மணலைப் போட்டு ஒரே பக்கமாகத் தேய்ப்பாய். தோல் சீவுவதற்கு வேறு மாதிரி. சின்னக் கிளிஞ்சலின் முதுகைத் தேய்த்தே ஓட்டை போடுவாய். அந்த ஓட்டையின் ஓரம் கத்தியாகிவிடும், மாங்காய்த் தோல் நாடா நாடாவாகச் சுருண்டு விழும். கீரைக்கென்று தட்டையாக ஒன்று. அதற்கு மூங்கிலைப் பிளந்து பிடி போட்டு, சாக்குச் சணலால் இறுக்கிக் கட்டியிருப்பாய்.

ஒரு நாள் உனக்கு உபகாரம் செய்வதாக நினைத்து, ஒரு கிளிஞ்சலை எடுத்துப் போய் மில்லில் சாணைச் சக்கரத்தில் வைத்தேன். முடி பொசுங்குகிற நாற்றம் எழும்பியது. அடுத்த நொடி கிளிஞ்சல் பொரி மாதிரிச் சிதறியது. ஃபோர்மேன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ரங்கசாமி, இங்க பொணமா எரிக்கிறே?" என்றார். அன்று சாயங்காலம் உன்னிடம் சொன்னபோது நீ சிரித்த சிரிப்பு பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது.

நானும் கேட்காமலா இருந்தேன்? இரும்பறுக்கிற ஆக்ஸா பிளேடில் கத்தி செய்து, கைப்பிடிக்குப் பித்தளை ஆணி அடித்துக் கொண்டுவந்து கொடுத்தேன். "அம்சமா இருக்குதுங்க" என்றாய். அதோடு அதைக் கண்ணில் காணோம். ஏன் புள்ளே, இது ஆகாதா என்றால், "இருக்கட்டுமுங்க" என்பாய். அதற்கு மேல் உன் வாயைத் திறக்க யாரால் ஆகும்? ஏதோ வேண்டுதல் என்று நானே நினைத்துக்கொண்டேன். வேண்டுதலைத் தோண்டித் துருவிக் கேட்கக் கூடாது என்று விட்டுவிட்டேன். காமாலையில் நீ படுத்த பிறகும் கேட்கத் தோன்றவில்லை. எழுந்துவிடுவாய் என்றுதான் இருந்தேன்.

சாவித்திரி அடம்பிடித்த பிறகு விசாரிக்கக் கிளம்பினேன். முதலில் பக்கத்து வீட்டு ஞானம்மாவிடம் கேட்டேன். உனக்குப் பேச்சுத் துணையாக இருந்தவள் அவள்தான். அவள், "நேத்தியும் இல்லை ஒண்ணும் இல்லீங்கண்ணா. அக்காளுக்கு அது புடிச்சிருந்துச்சு. மில்லுல உங்க கையில அடிபடறதுக்கு முந்தியே மாங்கா சீவறதுக்கு ஒண்ணு தேச்சு வெச்சிருந்தாங்க. எனக்குக்கூட ஒண்ணு குடுத்தாங்க. தேச்சுட்டே பாட்டு மொனகுவாங்க" என்றாள். நீ பாட்டு முனகுவாயா? எனக்குத் தெரியாதே.

அவள் பேச்சை நம்பிச் சும்மா இருக்கச் சாவித்திரி விடவில்லை. மாரியம்மன் கோயிலில் பூ கேட்கப் போனோம். வேண்டுதல் உண்டா என்று கேட்டதற்கு வெள்ளைப் பூ வந்தது, உண்டு. முடிந்துவிட்டதா என்று கேட்டோம். சிவப்பு வந்தது, முடியவில்லை. ராமாத்தாள் வைத்த வேண்டுதல்தானே என்று சும்மா உறுதிக்குக் கேட்டோம். அதற்கும் சிவப்பு. உன்னுடையதில்லை என்றால் வேறு யாருடையது? பூசாரி தலையைச் சொறிந்துகொண்டு, "ஆத்தாளே கொழம்பியிருக்கா போலீங்க, அடுத்த வெள்ளி வாங்க" என்றார். எனக்கிருந்த குழப்பத்தில் அவளுக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது போல.

கடைசியில் பஸ் ஏறித் தாராபுரத்துக்கு உன் தங்கச்சி பாப்பாத்தி வீட்டுக்குப் போனேன். எனக்கு அடிபட்ட சமயம் அவள்தானே நம் வீட்டில் வந்திருந்து உனக்கு ஒத்தாசை செய்தாள். சாப்பாடு போட்டுவிட்டுத்தான் பேச்சையே எடுக்க விட்டாள். நான் விஷயத்தைச் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மாமா, உங்களுக்கு நெசமாலுமே நெனப்பில்லீங்களா?" என்றாள்.

"எது?"

"லேத்துல பெல்ட்டு மாட்டறப்ப விரலு நசுங்கி, காய்ச்சல்ல கெடந்தீங்களே. அப்ப ஆத்தா படத்தைப் பாத்து நீங்கதானே கும்புட்டுச் சொன்னீங்க. இந்த விரலு பழையபடி மடங்கற வரைக்கும் என் ஊட்டுல இரும்புக் கத்தி பொழங்காது ஆத்தான்னு. நானும் நின்னுட்டிருந்தேன், அக்காளும் நின்னுட்டிருந்தா. மக்கா நாளு விடிஞ்சதுமே அரிவாமனையத் தூக்கி எங்கிட்டக் குடுத்துட்டா. அதா, அங்க இருக்குது பாருங்க."

இருந்தது. நம் அரிவாள்மனைதான். பலகையில் நான் அடித்த தகரப்பட்டை அப்படியே இருந்தது. நீ அதை யாருக்கோ இரவல் கொடுத்துவிட்டதாக இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

எனக்குக் காய்ச்சல் ஞாபகம் இருக்கிறது. கஞ்சி ஞாபகம் இருக்கிறது. நீ என் நெற்றியில் துணி நனைத்துப் போட்டது ஞாபகம் இருக்கிறது. இப்படி ஒரு வார்த்தை சொன்ன ஞாபகம் மட்டும் இல்லவே இல்லை, ராமாத்தா. சொன்னேனா? பாப்பாத்தி எதற்குப் பொய் சொல்லப் போகிறாள்?

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன்.

"அக்காளைச் சொல்லச் சொன்னனுங்க மாமா. அவதான், காய்ச்சல்ல ஒளறுனதுன்னு மாமா சிரிச்சுப் போடுவாரு, சிரிச்சா ஆத்தாளுக்குக் கோவம் வரும், ரெண்டு பேருக்கும் நடுவுல நானெதுக்குன்னு சொல்லிப்போட்டா."

சிரித்திருப்பேன்தான். என்னை அவ்வளவு தெரிந்து வைத்திருந்தாய்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை தோறும் என் விரலுக்கு விளக்கெண்ணெய் தேய்த்துவிடுவாய். தேய்த்து முடித்து, "இப்ப மடங்குதுங்களா?" என்று கேட்பாய். நான் விளையாட்டாக, "இது எங்க மடங்கப் போகுது, என்னோட கட்டையில போறப்பத்தான் மடங்கும்" என்பேன். நீ எண்ணெய்க் கையைத் தலையில் துடைத்துக்கொண்டு எழுந்து போவாய். என் மேல் இருக்கிற பாசத்தில் கேட்கிறாய் என்று நினைத்து எனக்குப் பெருமையாக இருக்கும். நீ கேட்டது பாசத்தில்தானா? இல்லை, இனியாவது அரிவாள்மனையை வீட்டுக்குக் கொண்டுவரலாமா என்று கேட்டாயா? இரண்டுமா?

மாங்காய்க் காலத்தில் உன் கட்டைவிரலெல்லாம் கீறல் கீறலாக இருக்கும். அதை நினைத்தால் அழுகை வருகிறது. ஞானம்மா சொன்னதை நினைத்தால் அழுவதா வேண்டாமா என்றே தெரியவில்லை. பாரமாகச் சுமந்தாயா, பிடித்துப்போய்ச் செய்தாயா? ஆரம்பத்தில் பாரமாக இருந்து போகப் போகப் பிடித்துப்போயிற்றா? அடிபடும் முன்பே நீ ஒன்றைத் தேய்த்து வைத்திருந்ததால்தான் என் வார்த்தையைக் காப்பாற்ற உடனே வழி தெரிந்ததா? யோசிக்க யோசிக்க ஒன்றும் பிடிபடவில்லை. ஒன்று மட்டும் தெளிவாகிவிட்டது. மூன்றாவது பூ சரியாகத்தான் வந்திருக்கிறது. வேண்டுதல் உன்னுடையதில்லை.

நேற்று சாவித்திரியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் வலது கையை இழுத்து ஆள்காட்டி விரலை மடக்கிப் பார்த்தாள். மடங்கவில்லை. வலித்தது, நான் சொல்லவில்லை.

"அப்ப இது உங்க நேத்திங்களாப்பா?"

"என்னுதுதான் அம்மணி. என் ஊட்டுலன்னுதான் சொல்லியிருக்கறேன். உன் ஊட்டுக்கு அது வராது. நீ போற எடத்துல அரிவாமனை போட்டு உக்காந்து ராஜாத்தியாட்ட நறுக்கு."

பிள்ளை முகம் தெளிந்தது. பாப்பாத்தி அந்த அரிவாள்மனையைச் சீரோடு அனுப்புகிறேன் என்றிருக்கிறாள். ஆனால் சாவித்திரி கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "நான் போயிட்டா உங்களுக்கு யாருங்கப்பா காய் நறுக்குவாங்க?" என்று கேட்டாள். நாளைக்குப் பார்த்துக்கலாம் போ என்றுவிட்டேன்.

ஆத்தாளிடம் போய் விட்டுவிடு என்று கேட்கலாம், பூசாரி பரிகாரம் சொல்வார், ஒரு சேவலோடு முடித்துவிடலாம். டூல் ரூமில் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. என் வாயால் சொன்ன வார்த்தையை நீ உன் கையால் காப்பாற்றிக்கொண்டு வந்தாய். அதை ஒரு சேவலைக் கொடுத்து நான் முடித்துவிட்டால், நீ அத்தனை வருஷம் தேய்த்ததெல்லாம் என்ன கணக்கில் சேரும்?

அதனால் இன்று காலையில் துவைக்கிற கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தேன். இரண்டு கிளிஞ்சல்கள் உடைந்துபோயின. மூன்றாவது ஒரு மாதிரி விளிம்பு கண்டது. கத்தரிக்காயை நறுக்கிப் பார்த்தேன், நறுக்கியதை விட நசுக்கியதுதான் அதிகம். மடங்காத விரலை வைத்துக்கொண்டு அதைப் பிடிப்பதே பெரும்பாடு. ஞானம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "மெதுவாத் தேயுங்கண்ணா, அக்கா அவசரப்பட மாட்டாங்க" என்றாள். மெதுவாகத் தேய்த்தேன்.

ராமாத்தா, நீ எதற்காகச் செய்தாய் என்பது எனக்குக் கடைசி வரைக்கும் தெரியப்போவதில்லை. தெரியாமலே இருக்கட்டும். என் விரல் மடங்கும் வரைக்கும், இல்லையென்றால் நான் கட்டையில் போகும் வரைக்கும், நம் வீட்டில் இரும்புக் கத்தி புழங்காது. இந்தத் தடவை காய்ச்சல் இல்லாமல், நினைவோடு சொல்கிறேன். என் வேண்டுதலை நான் வாங்கிக்கொண்டேன். நீ கையைக் கழுவிவிட்டு உட்கார், கண்ணு.

உன் தாய்மாமன் மகன்,
ரங்கசாமி