பாதி உறைந்த கிண்ணம்

என் மெர்சிக் கண்ணு,

இன்றைக்குத்தான் உன் ஐஸ் பாடத்தை நடத்தி முடித்தேன். ரெண்டு மாசம் தள்ளிப்போட்டதற்குத் திட்டாதே. திட்டினாலும் பரவாயில்லை, உன் குரல் கேட்டால் போதும்.

காலை ரயிலில் இன்னும் அதே லேடீஸ் பெட்டியில்தான் ஏறுகிறேன். நீ பல்லாவரத்தில் ஏறி, தாம்பரத்தில் நான் வரும்வரைக்கும் சாப்பாட்டுப் பையை வைத்துப் பிடித்துவைப்பாயே, அந்த ஜன்னலோர இடத்தில் இப்போது யார் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் என்ன பண்ணுவார்கள், பாவம். ஊரப்பாக்கத்தில் நம் ஸ்கூல் வரும்வரைக்கும் நான் வாயே திறப்பதில்லை. நானா இப்படி என்று நீயே நம்ப மாட்டாய்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டாஃப் ரூம் ஃப்ரீசரில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனாய். திங்கட்கிழமை நம் யுகேஜி பிள்ளைகளுக்கு உருகுவது பற்றிப் பாடம். மறுநாள் விடியற்காலையில் உனக்கு நெஞ்சுவலி. திங்கட்கிழமை பாடம் நடக்கவில்லை, பம்மலில் உன் அடக்கம் நடந்தது. எல்லோரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். நானும் அள்ளினேன். கை விரியவில்லை, மெர்சி. மூடின கையோடு ரோட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் நிழல் பாடம் எடுத்தேன், காந்தம் எடுத்தேன். அந்தக் கிண்ணத்தை மட்டும் தொடவில்லை, யாரையும் தொடவும் விடவில்லை. ஒரு மத்தியானம் கரண்ட் போனபோது, யாரும் கதவைத் திறந்துவிடக் கூடாது என்று ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தேன். சிரிக்கிறாயா?

போன வாரம் நம் ஆயா கஸ்தூரி பிடித்துக்கொண்டாள். "இன்னா மிஸ், உள்ள ஃபுல்லா ஐஸ் கட்டிகினு கதவே மூட மாட்டேங்குது. மெர்சி மிஸ் வச்ச கிண்ணம் வேற அங்கியே கீது. ஆஃப் பண்ணிக் கழுவணும். அத நான் கொட்டிடவா?"

"கொட்டிடுவியா நீ?" என்று கத்திவிட்டேன். அவள் அழுதுவிட்டாள். அப்புறம் நானும்.

அன்றைக்குத்தான் கிண்ணத்தை வெளியே எடுத்துப் பார்த்தேன். பாதிதான் இருந்தது.

உன் வழக்கம் எனக்குத் தெரியாதா? முதலில் பாதித் தண்ணீர். அது உறைந்ததும் மேலே ஒரு சட்டைப் பொத்தான். அப்புறம் மீதித் தண்ணீர். அப்போதுதான் பொத்தான் நட்டநடுவில் நிற்கும், பிள்ளைகள் கைச்சூட்டாலேயே ஐஸை உருக்கி அதை எடுக்கலாம். முதல் வருஷம் நான் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரை அப்படியே பிடித்து ஊற்றினேன். வெயிலில் கொதித்த தண்ணீர், அடிப்பாதியையும் உருக்கிவிட்டது. "ஐஸ் மேல வெந்நீர் ஊத்தின ஒரே சயின்ஸ் டீச்சர் நீதான்க்கா" என்று ஒரு வாரம் ரயிலில் மானத்தை வாங்கினாய்.

மீதியைச் சனிக்கிழமை மீட்டிங்குக்கு வரும்போது ஊற்றிக்கொள்ளலாம் என்றுதானே விட்டுவிட்டுப் போனாய்? வருவதாகத்தானே இருந்தாய்?

கஸ்தூரியிடம் மன்னிப்புக் கேட்டு, இன்னும் சில நாள் பொறுக்கச் சொன்னேன். உன் மேசை டிராயரிலிருந்து ஒரு பச்சைப் பொத்தான் எடுத்தேன். தண்ணீரை ஃப்ரிட்ஜில் ஒரு நாள் முழுக்கக் குளிரவைத்தேன். இந்தத் தடவையும் சொதப்பினால் உன் பாதியும் போய்விடும். ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றினேன். பொத்தான் அசையவில்லை.

இன்றைக்குப் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்தேன். உன் சட்டம்தான்: ஆளுக்குப் பத்து எண்ணும்வரைக்கும் ஐஸ் கையில் இருக்கலாம், நடுவில் கிண்ணம், சொட்டுவதெல்லாம் அதில். "கை வலிக்குது மிஸ்" என்றார்கள், ஆனாலும் ஒருத்தரும் பத்துக்கு முன்னால் விடவில்லை. ஏன் உருகுகிறது என்று கேட்டேன். "நம்ம சூட்டை அது எடுத்துக்குது மிஸ்" என்றாள் தர்ஷினி. நீ இருந்திருந்தால் அவளைத் தூக்கிச் சுற்றியிருப்பாய்.

டீச்சரும் வட்டத்தில் உட்கார வேண்டும் என்பதும் உன் சட்டம். ரெண்டாவது சுற்றில் என்னிடம் வரும்போது ஐஸ் ஒரு நெல்லிக்காய் அளவுக்கு ஆகியிருந்தது. பிள்ளைகள் கத்தி எண்ணினார்கள். ஒன்பது, பத்து. நான் கையை மூடிக்கொண்டே இருந்தேன்.

"மிஸ், பத்து ஆயிடுச்சு."

எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி இருந்தேன்.

"நீங்களே வச்சிருந்தா எப்படி மிஸ்? அடுத்து நான். குடுங்க." பக்கத்தில் தர்ஷினி கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

கையை விரித்தேன். கொடுத்துவிட்டேன், மெர்சி.

பொத்தான் அவள் கையில்தான் வந்தது. கிண்ணத்துத் தண்ணீரில் நீ ஊற்றியது எது, நான் ஊற்றியது எது என்று குனிந்து பார்த்தேன், பைத்தியக்காரி மாதிரி. வாசல் செம்பருத்திக்கு ஊற்றலாமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். சரி என்றேன். கஸ்தூரி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, "ஊத்திடட்டா மிஸ்?" என்று என்னை ஒரு தடவை கேட்டாள். தலையாட்டினேன்.

அடுத்த வருஷமும் இந்தப் பாடம் நடக்கும். உன் பாதியையும் நானே ஊற்றுவேன், தண்ணீர் குளிர்ந்ததா என்று தொட்டுப் பார்த்துவிட்டு. பத்து எண்ணினதும் அடுத்த கைக்குக் கொடுத்துவிடுவேன்.

ஒரே மாசம் மூத்தவள் என்றாலும் ஒரு நாளும் பேர் சொல்லி நீ கூப்பிடாத,
உன் லலிதா அக்கா