தலை தாழ்ந்த கட்டில்

2019 ஜூன் 14, வெள்ளி

மல்லாந்தபடி எழுதினால் பேனாவில் மை இறங்க மறுக்கிறது. இன்று முதல் பென்சில்.

படுத்து இன்று பன்னிரண்டாம் நாள். முகம் பணியாரம் மாதிரி உப்பிக் கிடக்கிறது. மூக்கடைப்பு வேறு. கட்டிலின் தலைமாடு ஆறு டிகிரி கீழே, கால்மாடு மேலே. விண்வெளியில் ரத்தம் தலைக்கு ஏறுமாம். அதைத் தஞ்சாவூரிலேயே, இந்த ஆராய்ச்சிக்கூடத்தில், ஏற்றிப் பார்க்கிறார்கள். செவ்வாய்க்குப் போய்வர இரண்டு மூன்று வருஷம் ஆகும். அதற்குள் எலும்பும் இதயமும் என்ன கதியாகும் என்று தெரிந்துகொள்ள, நாங்கள் இரண்டு மாதம் எழுந்திருக்கக் கூடாது. சாப்பாடு, குளியல், மற்றதெல்லாம் படுத்தபடிதான். தட்டில் நிறுத்துப் போட்டதை ஒரு பருக்கை விடாமல் தின்ன வேண்டும். சிறுநீரைப் பால்காரர் மாதிரி கேனில் அளந்து எடுத்துப் போகிறார்கள்.

நடுவில் எழுந்தால் நான் அவுட். முடித்தால் விண்வெளிப் பயணத் தேர்வின் அடுத்த கட்டத்துக்குப் பெயர் போகும். முப்பத்தொரு வயதுக்கு மேல் இன்னொரு வாய்ப்பு வராது.

அம்மாவிடம் 'ட்ரெயினிங்' என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். தலைமாடு வடக்குப் பக்கம். தெரிந்தால், பெண் வடக்கே தலை வைத்து மாசக்கணக்கில் படுத்திருக்கிறாளே என்று ஊரைக் கூட்டிவிடுவாள்.

ஜூன் 17

பக்கத்துக் கட்டில் எல்லையம்மாள். தரங்கம்பாடி மீனவர் வீட்டுப் பெண், பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். சீட்டுக் குலுக்கியதில் அவள் உடற்பயிற்சிக் குழு. படுத்தபடியே சைக்கிள் மிதிக்கிறாள். நான் சும்மா கிடக்கும் குழு. பயிற்சி இல்லாவிட்டால் உடம்பு எவ்வளவு கெடும் என்று ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டுமே!

"அக்கா, உங்க காலு கொக்குக் காலா ஆயிட்டு வருது" என்கிறாள். வாயைப் பார்.

ஜூன் 22

அம்மாவுடன் பேசினேன். "எல்லாரும் சௌக்கியம். நீ?" "சௌக்கியம்."

எங்கள் வீட்டில் வெளியூரில் இருப்பவர்களுக்குக் கெட்ட சேதி சொல்லும் வழக்கமே கிடையாது. அப்பா நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தது அவர் வீடு திரும்பிய பிறகுதான் எனக்கும் சென்னையில் இருக்கும் அண்ணனுக்கும் தெரிந்தது.

ஜூலை 2

எழுதித்தான் ஆக வேண்டும்.

எல்லையம்மாள் போனில் ஒரு வீடியோ காட்டினாள். எங்கள் ஊர், குத்தாலம் பக்கம், நட்ட வயலில் எரிவாயுக் குழாய் பதிக்க ஜேசிபி இறங்கியிருக்கிறது. அதன் முன்னால் சேற்றில் ஐந்தாறு பேர் படுத்திருக்கிறார்கள். ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சேறு படாமல் உயர்த்திப் பிடித்திருக்கிறார். அப்பா. ரிட்டயர்டு வாத்தியார், இதய நோயாளி, எங்களுக்கென்று மிஞ்சிய ஒரே வயலில்.

முழங்கையை ஊன்றி எழுந்துவிட்டேன். நர்ஸ் கத்தினாள். கேமராவில் பதிவாகிவிட்டது. டாக்டர் நூர்ஜஹான் வந்தார். "இன்னொரு தடவைன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது, பாகீரதி."

அம்மாவுக்குப் போன் போட்டேன். "அப்பா எங்கே?"

"வயலுக்குப் போயிருக்காங்கடி."

பொய் இல்லை. அதுதான் எரிச்சல்.

ஜூலை 3

வயலில் படுத்த எல்லாரையும் போலீஸ் பிடித்து ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அந்த வீடியோவின் கீழே யாரோ எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும்.

வீட்டுக்குப் போக வேண்டும் என்று டாக்டரிடம் சொன்னேன். "கையெழுத்துப் போட்டா எப்ப வேணும்னாலும் போகலாம், அது உங்க உரிமை. ஆனா உடனே எழுந்து நடந்தா மயங்கி விழுவீங்க. நிமிர்ந்து நிக்கவே ரெண்டு மூணு நாள் பழக்கணும்." விலகுவதற்கான தாளைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் யாருடைய போனிலிருந்தோ அப்பா பேசினார். "அம்மா சௌக்கியம்னு சொன்னாளா?"

"சொன்னா."

"நீ எங்கேம்மா இருக்கே?"

ட்ரெயினிங் என்று வாய் வரைக்கும் வந்தது. முடியவில்லை. கட்டில், சரிவு, கேன், கொக்குக் கால், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பின்னால் மண்டபத்து மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அப்பா சிரித்தார்.

"நானும் அதே வேலைதான் பாத்தேன். நாலு பேர் தூக்கித்தான் என்னை எழுப்பினாங்க. நீயா எழுந்துடாதே."

"மாத்திரை போட்டீங்களாப்பா?"

"அது வீட்டுல இருக்கு." போனை யாரோ வாங்கிவிட்டார்கள்.

ஜூலை 4

வழக்கமாகச் சாயங்காலம் விட்டுவிடுவார்கள். விடவில்லை. அப்பாவைத் திருச்சி ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மாத்திரை?

அம்மா இன்னமும் சௌக்கியம் என்கிறாள்! "இன்னொரு தடவை சௌக்கியம்னு சொன்னே, நான் இப்பவே எழுந்து வந்துடுவேம்மா" என்று கத்திவிட்டேன். அழுதாள். அழுதுகொண்டே எல்லாம் சொன்னாள். தூக்கும்போது அப்பாவின் தோள் பிசகிவிட்டது. மாத்திரையை வக்கீலிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். சேர்ந்ததா தெரியாது. தெருவில் இரண்டு கட்சிக் கொடியும் பறக்கிறது, வீட்டுப் பக்கம் ஒருத்தரும் வரவில்லை.

நானும் சொன்னேன், வடக்கு உட்பட. அம்மா மூக்கைச் சிந்தினாள். பிறகு, "பக்கத்துல யாராவது இருக்காங்களாடி?"

"நான் இருக்கேங்கம்மா!" என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து எல்லையம்மாள் கத்தினாள்.

ஜூலை 5

தாள் அப்படியே இருக்கிறது. அப்பா சொன்னதற்காகத்தான் கிடக்கிறேனா, இல்லை, எனக்கு வேண்டியது கிடைக்க வேண்டும் என்றா? அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த எலும்புக் கணக்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? வெட்கமாக இருக்கிறது. பயமாக இருக்கிறது.

கையெழுத்துப் போடப் பென்சிலை எடுத்தேன். பேனாவில்தான் போட வேண்டுமாம். படுத்துக்கொண்டு போட்டால் மை இறங்காதே! சிரிப்பு வந்தது, கூடவே அழுகை. தாழ்ந்த தலையில் கண்ணீர் நெற்றிப் பக்கம் வழிகிறது.

ஜூலை 6

மாத்திரை சேர்ந்துவிட்டது. வக்கீலே பேசினார். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 19

ஜாமீன்.

ஆகஸ்ட் 2

இரண்டு மாதம் முடிந்தது. பட்டை கட்டிக் கட்டிலோடு நிமிர்த்தினார்கள். எல்லையம்மாள் அசையாமல் நின்றாள், மிதித்த கால் அல்லவா. எனக்குக் கண் இருட்டி, காது அடைத்து, வியர்த்து… மறுபடியும் படுக்க வைத்துவிட்டார்கள். "உங்களை மாதிரி ஒருத்தர் விழுந்தாத்தான் பயிற்சியோட அருமை தெரியும்" என்றார் டாக்டர். ஆறுதலா அது? ஆனாலும் அடுத்த கட்டத்துக்குப் பெயர் போகிறதாம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு, குத்தாலம்

அப்பாவுடன் வயலுக்குப் போனேன். குறுவையின் நடுவே நீளமாகப் பள்ளம். குழாய்கள் மேட்டில் அடுக்கிக் கிடக்கின்றன, இன்னும் பதிக்கவில்லை. இரு பக்கமும் மிஞ்சிய பயிர் போர்வெல் தண்ணீரில் நிற்கிறது. அப்பாவின் இடது கை கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்குகிறது.

வரப்பில் ஏறினேன். நாலு எட்டு வைப்பதற்குள் பயிருக்குள் சரிந்தேன். அப்பா கை நீட்டப் பார்த்தார், கை வரவில்லை. இரண்டு பேரும் சேற்றோடு வரப்பில் உட்கார்ந்துகொண்டோம்.

வீட்டுக்கு வந்தபோது சென்னையிலிருந்து அண்ணன் போன் செய்தான். அம்மா எடுத்து, பழக்கதோஷத்தில், "எல்லாரும் சௌ—" என்று ஆரம்பித்தாள். என்னைப் பார்த்தாள். போனை அப்பாவிடம் நீட்டிவிட்டாள்.

"தோளு இன்னும் தூக்க வரலடா" என்றார் அப்பா. "உன் தங்கச்சியால வரப்புல நடக்க முடியல. நட்டதுல பாதி போச்சு. நாளைக்குக் குழாய் பதிக்க வர்றாங்களாம். மறுபடியும் படுக்கப் போறேன்."

அந்தப் பக்கம் அண்ணன் என்ன சொன்னானோ. அப்பா நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இல்லடா. இந்தத் தடவை உங்கம்மாவும் வர்றா."