பத்து முறையும் “ஆமாங்க”

அக்கா,

அன்று சீனி வியாதி கிளினிக்கில் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: “மிஸ், கேக்காம ஒருக்கா தொட்டுப் பாருங்க.”

அம்மாவின் கால் நரம்புகளுக்கு இன்னும் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. கண்ணை மூடச் சொல்லிவிட்டு, நர்ஸ் ஒரு நைலோன் இழையால் பாதத்தில் பத்து இடங்களைத் தொட்டார். ஒவ்வொரு முறையும் “தெரியுதாம்மா?” என்று கேட்டார். கதிரையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிகள் எதைக் கேட்டாலும் நம் அம்மாவிடம் ஒரே பதில்தானே, “ஆமாங்க.” கடைசி முறை இழை படுவதற்கு முன்பே நர்ஸ் கேட்டுவிட்டார். அதற்கும் “ஆமாங்க” என்றாள். நர்ஸ் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பசறை பஸ்ஸில் வரும்போதே அம்மா சொல்லியிருந்தாள். “கால் சரியில்லன்னு எழுதிட்டா மலைக்கு வேலைக்கு விடமாட்டாங்கடி. லயத்து வீட்டுல செவத்தப் பாத்துக்கிட்டா இருக்கச் சொல்ற?” அப்படி உட்கார்ந்திருக்கும் அம்மாவை என்னால் பார்க்க முடியாது என்று நினைத்தேன். அதைப் பாசம் என்றும் நினைத்தேன்.

பிறகு, செடிகளின் கிளைகளைக் கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையில் ஒரு குச்சி அவள் பாதத்தில் ஏறியது. நான்கு நாள் அதோடு வேலைக்குப் போனாள். வாடை வந்த பிறகுதான் காலைத் தூக்கிப் பார்த்தேன்.

நேற்று வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

உன் தங்கை