ஏழாம் பானைப் பச்சை

18 ஜூன் 2024, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. கோத்தகிரி பஜாரில் பாதிக் கடை திறக்கவில்லை. நான் குடையோடு நடந்து காலனிக்குப் போய், எனக்குச் சாயம் போட்டுத் தருகிற தெய்வம்மாக்கா வீட்டில் நூலை எடுத்து வந்தேன். அடுப்புக்கு மேல் கொடி கட்டிக் காயப்போட்டிருந்தார். ஈரம் போகவில்லை, புகை வாசம் வேறு. என் நூல்கடையில் ஃபேனுக்கு அடியில் தொங்கவிட்டிருக்கிறேன்.

தேயிலைத் தூசியில் போட்ட பழுப்பு, குறை சொல்ல முடியாது. மாதுளைத் தோல் மஞ்சள் சுமார். ஏழாம் பானைதான் ஆச்சரியம். துலுக்க சாமந்தியில் கொதிக்கவிட்டு அவுரி நீலத் தொட்டியில் முக்குகிற பச்சை அது. எப்போதும் பட்டாணி நிறத்தில் வரும். இந்தத் தடவை சோலைக்குள்ளே மழை விட்டதும் தெரியுமே, அந்தப் பச்சை. அடியில் நீலம் ஓடுகிறது.

"என்னக்கா பண்ணுனீங்க?"

"நீலம் ஏறல ஆபிதாம்மா. இன்னும் ரெண்டு முக்கு முக்குனேன்."

பெயர் வைத்துவிட்டேன்: மழைப்பச்சை. சால்வை ஒன்றுக்கு மூன்று சிட்டம் நூல். நாலரை நம்பர் பின்னல் ஊசி, ஓரத்தில் மட்டும் பழுப்பு. மாதிரிச் சால்வையை நானே பின்ன வேண்டும். அப்போதுதான் விற்கும்.

9 ஜூலை

பச்சை தீர்ந்தது. குன்னூரிலிருந்து வந்த ஒரு டீச்சர் கடைசி ஆறு சிட்டத்தையும் அள்ளிக்கொண்டு, "இதைப் பாத்த பொறகு மத்ததெல்லாம் ஸ்கூல் யூனிஃபார்ம் மாதிரி இருக்குங்க" என்றார்.

தெய்வம்மாக்காவிடம் சொன்னேன். வெட்கத்தில் தொட்டியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "நாப்பது வருசம் கொழுந்து பறிச்சேன். ஒரு தொரை, ஒரு கங்காணி நல்லாருக்குன்னு சொன்னதில்ல."

24 ஜூலை

இன்று தெய்வம்மாக்கா தந்த நூல்கட்டில் வெள்ளைச் சிட்டமும் எலுமிச்சை மஞ்சளும் சேர்த்துக் கட்டியிருந்தது. "எல்லாம் வெள்ளதானே" என்றார். வெளிச்சம் போதவில்லை போல என்று வாசலுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். வாசலிலும் வெள்ளை என்றார். சிரித்துக்கொண்டே பிரித்து எடுத்தேன்.

திரும்பி வரும்போது, மார்க்கெட் இறக்கத்தில் உறைத்தது. நீலம் நன்றாகத்தான் ஏறுகிறது. ஏறியது அவருக்குத் தெரியவில்லை. அதனால்தான் மறுபடி மறுபடி முக்குகிறார். அதனால்தான் அந்தப் பச்சை.

வயசானால் எல்லாருக்கும் கண்ணில் புரை விழும். எங்கம்மாவுக்கு விழுந்தது, எடுத்தோம், சரியானது. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இங்கேயாவது எழுத வேண்டும். கண்ணைச் சரிபண்ணினால் பழைய பட்டாணிப் பச்சை வந்துவிடும்.

20 ஆகஸ்ட்

பெங்களூரில் நாற்பது பெண்கள் ஒரு பின்னல் குழு. ஜனவரியில் எல்லாரும் ஒரே சால்வையை, ஒரே வாரத்தில், போனில் பேசிக்கொண்டே பின்னப் போகிறார்களாம். மழைப்பச்சைதான் வேண்டுமாம். நூற்றிருபது சிட்டம், தீபாவளிக்குள்.

கைச்சாயத்தில் ஒரு பானை மாதிரி இன்னொரு பானை வராது. ஆளுக்கு மூன்று சிட்டமும் ஒரே பானையிலிருந்து போக வேண்டும், இல்லாவிட்டால் சால்வை நடுவில் கோடு விழும். பானைக்குப் பன்னிரண்டு என்றால் பத்துப் பானை. எந்தப் பானை என்று சீட்டு எழுதி மும்மூன்றாகக் கட்டிவிடலாம்.

பஸ் ஸ்டாண்டில் லூதியானா ஸ்வெட்டரைத் தோளில் போட்டுக் கூவி விற்றவள் நான். இந்த மாதிரி ஆர்டர் எனக்கு வந்ததே இல்லை.

19 செப்டம்பர், வியாழன்

வாசுகி கடைக்கு வந்தாள். தெய்வம்மாக்காவின் மகள், டீ ஃபேக்டரியில் வேலை. ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு நின்றாள்.

"அக்கா, ஞாயித்துக்கெழம ஸ்கூல்ல கண் கேம்ப். பேர் குடுத்துட்டேன். அம்மா போமாட்டேங்குது. உங்களக் கேக்கணுமாம்."

"என்னை எதுக்குடி கேக்கணும்?"

"தொட்டிய யார் பாக்கறதுன்னு கேக்குது. கண்ணுல சொட்டு மருந்து ஊத்துனா ஒரு நாளைக்கு மங்கலா இருக்குமாம், சாயம் பாக்க முடியாதாம். நீங்க சொன்னா போகும்."

தொட்டி புளித்து, இப்போதுதான் பதத்துக்கு வந்திருக்கிறது. ஒருநாள் கவனிக்காமல் விட்டால் செத்துப்போகும், மறுபடி ஏற இருபது நாள். அது நிஜம். அதைத்தான் அவளிடம் சொன்னேன், எதுவும் பொய்யில்லை.

"அடுத்த கேம்ப்புக்கு நானே கூட்டிட்டுப் போறேன். தீபாவளி கழியட்டும்."

வாசுகி என்னையே பார்த்தாள். "அம்மாவுக்குச் சக்கரை முந்நூறு இருக்குக்கா" என்றாள்.

"மாத்திரை போடச் சொல்லு" என்றேன்.

22 செப்டம்பர்

நாலாம் பானை எடுத்தோம். ஸ்கூலில் கண் கேம்ப் மைக் சத்தம் காலனி வரைக்கும் கேட்டது.

10 அக்டோபர்

இப்போதெல்லாம் தெய்வம்மாக்கா சிட்டத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறார். நான் பானைக்குச் சீட்டு எழுதுகிற சாக்கில் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன். "இது போதுமா ஆபிதாம்மா?" என்று கேட்டார். "நீங்களே பாருங்க, உங்க கைக்குத் தெரியும்" என்றேன். சந்தோஷப்பட்டு இன்னொரு முக்கு முக்கினார்.

27 அக்டோபர், ஞாயிறு

நாற்பது பொட்டலமும் கட்டி முடிந்தது. நாளைக்குக் கூரியர். பத்துப் பானையில் ஒன்றுகூடச் சோடை இல்லை. தெய்வம்மாக்காவுக்கு ஒரு புடவையும் இனிப்பும் கொடுத்தேன். புடவையைத் தடவிப் பார்த்து, "சரிகை இருக்கு போல" என்றார். நிறத்தைச் சொல்லவில்லை.

அடுத்த கேம்ப் எப்போது என்று விசாரிக்க வேண்டும்.

14 நவம்பர், வியாழன்

காலை ஆறரைக்கு வாசுகி போன். "அம்மாவுக்கு ஒரு கண்ணுல செவப்பா தெர எறங்கிருச்சாம். இன்னொன்னுல ஒட்டடை ஒட்டடையா தொங்குதாம். நீங்க வர வேணாம். வண்டி மட்டும் சொல்லுங்க."

வண்டி சொன்னேன். நானும் ஏறிக்கொண்டேன். மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவை போகிறவரைக்கும் தெய்வம்மாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தொட்டிய மூடி வெச்சீங்களா" என்று மூன்று தடவை கேட்டார்.

புரை இல்லை. சர்க்கரை. கண்ணுக்குள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. டாக்டருக்கு முப்பது வயசுகூட இருக்காது. "இத்தனை நாள் எங்க இருந்தீங்க? ரெண்டு மாசம் முன்னால வந்திருந்தா லேசர் வெச்சு நிறுத்தியிருக்கலாம்."

ரெண்டு மாசம். வாசுகி விரல் விட்டு எண்ணவில்லை. அவசியமே இல்லை.

15 நவம்பர்

சொல்லியிருக்கலாம்ல ஆபிதா. ஜூலையிலயே வாயத் தொறந்திருக்கலாம்ல. புரைன்னு நீ எப்படிடி முடிவு பண்ணுன? நீ டாக்டரா? மஞ்சளும் வெள்ளையும் தெரியாம ஒரு பொம்பள நிக்குறா, உனக்குப் பச்சை தெரியுது.

யா அல்லாஹ்.

3 டிசம்பர்

வலது கண் முழுக்கப் போய்விட்டது. இடது கண்ணில் ஆபரேஷன் செய்தும் வெளிச்சமும் நிழலும் மட்டும்தான்.

இன்று காலனிக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். வாசுகி ஷிஃப்ட்டுக்குக் கிளம்புமுன்பே போனேன், இரண்டு பேரும் கேட்கட்டும் என்று. வெள்ளையும் மஞ்சளும் சேர்த்துக் கட்டியது, இறக்கத்தில் எனக்கு உறைத்தது, கேம்ப்பை ஏன் தள்ளிப்போடச் சொன்னேன், எல்லாம். சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்துத்தான் போனேன். அதிலும் கணக்குப் போடுகிறவள்தான் நான்.

வாசுகி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். "சொல்லியாச்சில்ல? கெளம்புங்க."

தெய்வம்மாக்கா வேறு ஒன்றைக் கேட்டார்.

"அப்ப அந்தப் பச்சை நான் போட்டதில்லையா?"

அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஊரே மெச்சுதுன்னு சொன்னீங்களே ஆபிதாம்மா. என் கை அப்படின்னு நெனச்சேன். கண்ணு கெட்டதுல வந்த கலரா அது?"

"இல்லக்கா, கை உங்களுதுதான்…"

"வேணாம். போங்க."

கண் போனதுக்குக்கூட அவர் என்னைத் திட்டவில்லை. நான் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பச்சையாவது அவரிடம் இருந்திருக்கும்.

6 ஜனவரி 2025

பெங்களூர்ப் பெண்கள் பின்ன ஆரம்பித்துவிட்டார்கள். படம் படமாக அனுப்புகிறார்கள். போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அடுத்த வருஷத்துக்கும் இதே நிறம் வேண்டுமாம். கிடைக்காது என்று எழுதினேன். சாயம் போட்டவர் யார், அவரிடம் பேசலாமா என்று கேட்கிறார்கள். பதில் எழுதவில்லை.

20 ஜனவரி

வாசுகி வந்தாள். கல்லாவுக்கு வெளியே நின்றே பேசினாள். தெய்வம்மாக்கா தனியாக இருந்து அடுப்படியில் இரண்டு தடவை விழுந்துவிட்டாராம். பக்கத்து ஊட்டுக்காரர்களும் வேலைக்குப் போகிறவர்கள். பகல் ஷிஃப்ட் நாளில் உட்கார வைக்க ஒரு இடம் வேண்டும்.

"வேற எடம் இருந்தா உங்ககிட்ட வந்திருக்க மாட்டேன்."

"தெரியும்" என்றேன்.

27 ஜனவரி

ஜன்னலோரம் நாற்காலி போட்டிருக்கிறேன். சும்மா உட்கார மாட்டேன் என்றார் தெய்வம்மாக்கா. சிட்டத்தை உருண்டையாகச் சுற்றுகிற வேலை கொடுத்தேன். கை அப்படியே பழகியதுபோல் ஓடுகிறது. ஒவ்வொரு சிட்டத்தையும் கையில் வாங்கியதும், "இது என்ன கலரு?" என்று கேட்கிறார். பழுப்பு, மாதுளை, சாம்பல் என்று சொல்கிறேன். வாடிக்கையாளர் இருந்தாலும் சொல்கிறேன். ஒரு தடவை பச்சை வந்தது, வேறு ஆள் போட்ட பட்டாணிப் பச்சை. பச்சை என்றேன். எந்தப் பச்சை என்று அவர் கேட்கவில்லை.

11 பிப்ரவரி

காலையில் உறைபனி. கடைக்குள்ளே சட்டியில் அடுப்புக்கரி மூட்டினோம். தெய்வம்மாக்கா பதினோரு உருண்டை சுற்றினார். எதற்கும் நிறம் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் சொல்லத் தயாராக நின்றேன்.