தேவசகாயம் சொன்ன யோசனை

12 ஜூலை 1974, வெள்ளி. சித்தூர்.

என் மகள் மெர்சிக்குக் கிடைக்க வேண்டிய வேலையை என் தம்பி தேவசகாயம் கெடுத்துவிட்டான்.

திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் வரவேற்பு வேலை. ஒரே இடம்தான். நான் பள்ளிக்கூடம் போகாமல் தானாகப் படித்தவன். அவன் காலேஜ் போனவன் என்று, இண்டர்வியூவுக்கு யோசனை கேட்க அவளை அவனிடம் அனுப்பினேன். "நம்ம சபைப் பொண்ணா அடக்கமா தலையைக் குனிஞ்சிகினு இரு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றிருக்கிறான். வருகிறவர்களிடம் எப்படிப் பேசுவாய் என்று தெலுங்கில் கேட்டபோதும் இவள் நிமிரவில்லை. வேலை, கூடவே இண்டர்வியூவுக்கு வந்திருந்த அவன் மகள் ஸ்டெல்லாவுக்கு என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

திரும்பும்போது ரயில் பாகாலா தாண்டியதும் ஸ்டெல்லா கேட்டாளாம்: "மூஞ்சப் பாத்து சிரிச்சிப் பேசுன்னு நைனா உனக்கும் சொன்னாரு இல்லக்கா?"

சாயங்காலம் போய்க் கேட்டேன். சோறு துன்னுகினே சொன்னான்: "இருந்தது ஒரு வேலைண்ணா. என் பொண்ணு இருக்கச்சொல்ல உன் பொண்ணுக்கா சொல்லித் தருவேன்?"

மெர்சி இன்னும் அழுகிறாள். அழட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லாவுக்காகச் சபையில் ஸ்தோத்திரம் செலுத்தும்போது என் வீட்டார் யாரும் எழுந்து நிற்கக் கூடாது. இண்டர்வியூவுக்கு என்று அவன் வீட்டில் இரவல் வாங்கிய சேலையை என் மனைவி நாளைக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் செத்தால் என் பெட்டிக்கு அவன் தோள் கொடுக்கக் கூடாது. அதை மெர்சிதான் போய் அவனிடம் சொல்ல வேண்டும். தலையை நிமிர்த்தி, அவன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.