கிணற்று வீட்டுத் தண்ணீர்

உன் கபரில் மண் போட என்னை விடவில்லை. நான் கொடுத்த தண்ணீர்தான் உன்னைக் கொன்றது என்று கல்யாணப் பாட்டிலும் சேர்த்துவிட்டார்கள். இரண்டையும் செய்தது உன் வீட்டார். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவேன்.

இன்று காலை கடை திறந்து மண்பானையைக் கழுவினேன். ஈர மண்ணின் வாசனை எழுந்தது. அதோடு நீயும் வந்துவிட்டாய், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, என் சுக்கு மூட்டையின் மேல். பானையை நிரப்பி வாசலில் வைத்தேன். சுமை இறக்க வந்தவனைப் பார்த்து, "தண்ணி குடிச்சிட்டுப் போடா" என்றேன். "வேண்டா இக்கா, தாகமில்லா" என்றான் மலையாளத்தில். வேர்வை சொட்டச் சொட்ட நின்றுதான் சொன்னான். பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். "அவனுக்கு இப்பதான் கல்யாணம் ஆயிருக்கு இக்கா, கொஞ்ச நாள் ஜீவிக்கட்டும்." மாலையில் பானைத் தண்ணீரை அப்படியே சாக்கடையில் கொட்டுகிறேன். தினமும் இதுதான் நடக்கிறது.

பாலக்காட்டுக்குக் கிழக்கே நம் ஊரில் உன்னுடையது குதிரை வீடு, என்னுடையது கிணற்று வீடு. பஞ்ச காலத்தில் உன் முப்பாட்டன் தாகத்தோடு குதிரையில் வந்து தண்ணீர் கேட்டாராம். என் முப்பாட்டன் கிணற்றுக் கயிற்றை அறுத்துப் போட்டாராம். குதிரை அங்கேயே விழுந்து செத்தது. அதை உன் வீட்டார் தூக்கி எங்கள் கிணற்றில் போட்டார்கள். குதிரை கிணற்றில் விழுந்த பிறகுதான் கயிறு அறுந்தது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அன்று முதல் ஒரு வீட்டுத் தண்ணீரை மறு வீடு குடிப்பதில்லை. ஒரு வீட்டு மய்யித்துக்கு மறு வீடு மண் போடுவதில்லை. ஊரை விட்டுக் கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்து எதிரெதிரே கடை போட்ட பிறகும் இந்த இரண்டையும் மட்டும் விடவில்லை. நம் பெரியவர்கள் பெட்டி படுக்கையோடு கொண்டுவந்துவிட்டார்கள்.

கேரளம் பிறந்த வருஷம் நீ தெருவைக் கடந்து வந்து, "டேய், சாயா குடிக்க வர்றியா?" என்று கேட்டாய். நான் திகைத்தேன். "சேட்டன் கடைத் தண்ணி உன் வீட்டுதும் இல்ல, என் வீட்டுதும் இல்ல. அந்தக் குதிரை வந்தா அங்க குடிச்சிருக்கும்" என்றாய். அன்றிலிருந்து தினமும் போனோம். சாயாக்கடைச் சேட்டன் நம்மைக் கண்டதும், "எந்தா, இன்னும் ஒரு சாயா ரெண்டாக்கணோ?" என்று கேட்டுக்கொண்டே ஒரு சாயாவை இரண்டு கிளாஸில் பிரித்து ஆற்றுவார். கோயம்புத்தூர்ச் சரக்கைச் சுற்றி வரும் தமிழ்த் தாளை நான் அங்கே உட்கார்ந்து எழுத்துக்கூட்டி வாசிப்பேன். எனக்குப் பள்ளிக்கூடம் அதுதான். "உங்க புலவர் சத்தத்தைக் கொறைக்கச் சொல்லுங்க சேட்டா, சாயா திரிஞ்சிடும்" என்பாய் நீ.

கல்யாணங்களில் அந்தக் குதிரைக் கதையைப் பாடும் ஊர்ப் பாட்டுக்காரரைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். உன் வீட்டுக் கல்யாணத்தில் கைப்பறை தட்டும்போது முதலில் கயிறு அறுபடும். என் வீட்டுக் கல்யாணத்தில் முதலில் குதிரை விழும். "பிரியாணி எந்த வீட்டுதோ அந்த வீட்டுக்கு நியாயம்" என்றாய். நம் காலத்தோடு இந்தப் பாட்டு தேய்ந்துவிடும் என்றும் சொன்னாய். நானும் நம்பினேன்.

அந்தச் சித்திரை வெயிலில் கடைத்தெருவில் நடந்து வந்தவன் என் வாசலில் சுக்கு மூட்டையின் மேல் சரிந்தாய். முகம் சாம்பலாக இருந்தது. தண்ணீர் கேட்டாய். நான் சேட்டன் கடைக்கு ஆள் அனுப்பத் திரும்பினேன். நீ என் வேட்டியைப் பிடித்து இழுத்தாய். "அதுக்குள்ள போயிருவேன்டா. உன் பானையில என்ன கடலா இருக்கு? ஊத்து." ஊற்றினேன். குடித்தாய். வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான்டா இருக்கு. இதுக்கா அடிச்சிக்கிட்டாங்க?" என்றாய். அதற்குப் பிறகு நீ பேசவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. உன் நெஞ்சு முன்பே கெட்டிருந்தது என்று டாக்டர் உன் அண்ணனிடமே சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மையவாடியில் எல்லோரும் மண் போட்டார்கள். நானும் குனிந்து ஒரு பிடி அள்ளினேன். உன் அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார். "கிணத்து வீட்டுக் கை இங்க வேண்டாம். கொடுத்தது போதும்." மற்றவர்கள் மண் போட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் விரலைத் திறக்கவில்லை. மூடிய கையோடு வீடு வந்தேன்.

போன மாதம் உன் அண்ணன் பேத்தியின் நிக்காஹ். ஒலிபெருக்கியில் தெரு முழுக்கக் கேட்டது. பழைய பாட்டு முடிந்ததும் பாட்டுக்காரர் புதிதாக ஒன்றைச் சேர்த்தார். "அன்று தராமல் கொன்றான், இன்று தந்து கொன்றான்." கூட்டம் திரும்பப் பாடச் சொல்லிக் கைதட்டியது. நான் பள்ளிவாசல் உஸ்தாதிடம் போனேன். "பாட்டுத்தானே பாய், விட்டுருங்க" என்றார். குதிரையும் பாட்டுத்தான் உஸ்தாதே, அதற்காக எத்தனை தலைமுறை தாகத்தோடு தெருவைக் கடந்தது என்று கேட்டேன். வீட்டில் என் மகன் சொல்கிறான்: "பெரியவங்க தெரிஞ்சுதான் வச்சிருக்காங்க அத்தா. அவங்களுக்குத் தண்ணி கொடுத்திருக்கவே கூடாது." உன் அண்ணனைவிட அவன் என்னை அதிகம் உடைத்தான். ஒரு கிளாஸ் சாயாவால் இந்தப் பகையைக் கரைத்துவிடலாம் என்று நினைத்தோம். கடைசியில் அந்தப் பாட்டுக்கு நாமே ஒரு சரணம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். நம் பேரப்பிள்ளைகள் அதைப் பாடிக்கொண்டு வளர்வார்கள்.

யாரும் செய்யமாட்டார்கள் என்று தெரியும். ஆனாலும் சொல்லாமல் விடமாட்டேன். நீ கேட்டுத்தான் குடித்தாய் என்பதையும், டாக்டர் சொன்னதையும் உன் அண்ணன் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் நின்று சொல்ல வேண்டும். பாட்டுக்காரர் அந்த வரியை எடுக்க வேண்டும், என் வீட்டில் அல்ல, உன் வீட்டுக் கல்யாணத்தில். தமிழ் வாசிக்கத் தெரிந்த யாராவது இந்த மடலை உன் மகளுக்கு மலையாளத்தில் சொல்ல வேண்டும். அப்பன் கடைசியாகக் குடித்தது நல்ல தண்ணீர் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். நான் போன பிறகும் என் மகன் பானையை எடுக்கக் கூடாது. யாரும் குடிக்காவிட்டாலும் தினமும் நிரப்ப வேண்டும். அந்தப் பிடி மண் தகர டப்பாவில் காய்ந்து கிடக்கிறது. அதை என் கபரில் போடக் கூடாது, அது உன்னுடையது. என் மணிக்கட்டைப் பிடித்த அதே கையால் உன் அண்ணனே டப்பாவைத் திறந்து அதை உன்மேல் போட வேண்டும்.