அப்பாவின் சவரக்கத்தியைப் பற்றி அருளப்பனுக்கு

பினாங்கு
8 மார்ச் 1934

அன்புள்ள மகன் அருளப்பனுக்கு,

சர்வேசுரன் கிருபையில் நானும் உன் அத்தை நவமணியும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், லண்டன் குளிரில் நீயும் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் செபமாலை சொல்கிறேன். இங்கே ஓயாத மழை, ஆயர் ஈத்தாம் ஊர்த் தோட்டங்களிலிருந்து காய்கறி வருவதில்லை, தபசு காலமாதலால் மீன் விலையைக் கேட்கவே வேண்டாம். உன் கடிதத்தில் எழுத்துப்பிழைகள் இருந்தன, இனி எழுதியதும் ஒருமுறை படித்துப் பார்த்து அனுப்பு. அப்பாவின் சவரக்கத்தி கன்னத்தைக் கிழித்துவிட்டது, முடியையும் பிடித்து இழுக்கிறது, அதனால் அதை ஒரு நண்பனுக்குக் கொடுத்துவிட்டு பிளேடு மாட்டும் புதுக் கருவி வாங்கப் போவதாக எழுதியிருக்கிறாய். கத்தி மேல் குற்றமில்லை. சமையல் கத்தியைக் கல்லில் தீட்டுவதுபோல வாய்ப்பக்கத்தை முன்னே தள்ளித் தோல்வாரில் தீட்டியிருப்பாய், அப்படிச் செய்தால் வாரும் கிழியும், கூரும் மழுங்கும். முதுகு முன்னே போக வேண்டும், வாய் பின்னே வர வேண்டும், அழுத்தவே கூடாது. முகத்தை வெந்நீர்த் துணியால் ஒற்றி, சோப்பு நுரையில் முடி ஊறும்வரை பொறு. இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, கத்தியைக் கன்னத்தோடு ஏறக்குறையப் படுக்க வைத்து, முடி படிந்திருக்கும் பக்கமாகவே மெதுவாக இறக்கு. கை பழகும்வரை கன்னம் மட்டும் போதும், மோவாயையும் மேலுதட்டையும் நாவிதரிடம் விடு.

அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நினைப்பாய். அப்பா கடைசியில் கிடந்த கிடையை நான் உனக்கு எழுதவில்லை, உன் பரீட்சை கெடுமென்று அவர் தடுத்துவிட்டார். வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. துறைமுக அலுவலகத்துக்கு ஒருநாளும் சவரம் செய்யாமல் போகாத மனிதர், நாவிதர் பக்கிரிசாமியை வரவழைத்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார், தாம் இப்படிக் கிடப்பதை வெளியார் பார்க்கக் கூடாதாம். ஆகையால் நானே கத்தியை எடுத்தேன். வாய் கோணிப் பேச்சு குழறினாலும், படுக்க வை, இழுத்துப் பிடி என்று அவர்தாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். உன் அத்தை கதவருகில் நின்று, ஏன் அண்ணி, கன்னியர் மடத்துப் பள்ளியில் உங்களுக்கு இதையுமா சொல்லிக்கொடுத்தார்கள் என்றாள். அப்பா சிரித்த சிரிப்பில் நுரையெல்லாம் என் சேலையில். அவர் இறந்த அன்று, வழக்கப்படி சவப்பெட்டியில் வைக்குமுன் சவரம் செய்யப் பக்கிரிசாமி வந்து நின்றார். அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு நானே செய்தேன். பெண்பிள்ளை செய்யும் காரியமா இது என்று உறவுக்காரர்கள் முகம் சுளித்தார்கள், அத்தை மட்டும் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். காதோரத்தில் கத்தி சற்றே பட்டுவிட்டது. பழக்கத்தில், வெட்டில் ஒற்றப் படிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தேன். இரத்தம் வரவில்லை. அதுவரை நான் அழவில்லை, அருளப்பா.

உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பிடிக்காவிட்டால் நீ பிளேடே வாங்கிக்கொள். ஆனால் கத்தியை யாருக்கும் கொடுத்துவிடாதே, என் பெயருக்குத் தபாலில் அனுப்பிவிடு. மகனுக்குச் சேர வேண்டியது என்றுதான் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு அனுப்பினேன், அதன் பிறகு அது இருந்த அவருடைய அலமாரியைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

தேவமாதா உன்னைத் தம் முந்தானைக்குள் வைத்துக் காப்பாராக. வெள்ளிக்கிழமைகளில் மாமிசம் தொடாதே, கம்பளிச் சட்டையில்லாமல் வெளியே போகாதே. மற்றதெல்லாம் மெதுவாக எழுதலாம், கத்தியை என்ன செய்தாய் என்பதை மட்டும் உடனே எழுது.

உன் முகத்தைப் பார்க்கக் காத்திருக்கும் அம்மா,
செசிலியம்மாள்